கை நனைப்பதற்கு முன்

வயிறு நிறைந்திருந்தால் பொய் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடுங்கள் என்பார்கள், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லலாம், முகம் காட்டிக்கொடுக்காது. அதற்காகத்தான் மகள் சுகிர்தா அலுவலகத்துக்குக் கிளம்பியதுமே நானும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். நண்பகலில் கெர்வினின் அம்மா மார்வா கீழே கடைவீதியில், தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பெஞ்சுகளில் காத்திருப்பாள், அங்கிருந்து அவள் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று ஏற்பாடு. கெர்வினைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் சுகிர்தா. இந்த ஊர்ப் பையன். போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்தில் இவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை. உயரம், நல்ல கறுப்பு, சிரிக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறான். விமான நிலையத்தில் என் பெட்டியை உருட்டாமல் தூக்கிக்கொண்டே வந்தான், அதற்குச் சக்கரம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடியில் நான் கிளம்பும்போது இவர் சொன்னது இவ்வளவுதான். “போய்ப் பாரு கனி. நல்லாப் பேசு, நல்லாச் சிரி. ஆனா அவங்க வீட்ல கை நனைச்சிராத. நீ நனைச்சா நம்ம ரெண்டு பேரும் சரின்னு சொன்னதாத்தான் அர்த்தம். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.” இவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் கால் வீங்கும் என்று அவர் வரவில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது. முடிவை எடுத்து என் வயிற்றில் வைத்து அனுப்பிவிட்டார். பெரிய மைதானத்தின் ஓரம் இளநீர் வண்டி நிற்கிறது. எனக்குத் தெரிந்த அரிவாள் இல்லை இது, முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும் வெட்டுக்கத்தி. காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே சீவுகிறான், சீவல்கள் அவன் காலடியில் ஒரே இடத்தில் விழுகின்றன, பேச்சை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. குடித்து முடித்ததும் காயை வாங்கிப் பிளந்து, மட்டையிலேயே ஒரு கரண்டி செதுக்கிக் கொடுத்தான். வழுக்கை நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. “நல்லாருக்கா, டார்லிங்?” என்றான். ஐம்பத்தேழு வயதில் முதல் தடவை. திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்கிறானோ என்று. அடுத்து வந்த காவல்காரரையும் அதே குரலில் ஏதோ செல்லமாகக் கூப்பிட்டதும்தான் மூச்சு வந்தது. இளநீர் கணக்கில் வருமா? வராது. தெருவில் காசு கொடுத்து வாங்கியது எதுவும் கணக்கில் வராது. வீடு என்று ஒன்று வேண்டும், அதற்கு ஒரு வாசல் வேண்டும், உள்ளேயிருந்து யாராவது ஒருவர் கொண்டுவந்து வைக்க வேண்டும். அப்போதுதான் அது கை நனைப்பது.

கடைவீதியை நோக்கி இறங்கும் தெரு நேராகப் போகிறது, முடிகிற இடத்தில் கடல் இருக்க வேண்டும், தெரியவில்லை, வாடை மட்டும் வருகிறது. துறைமுக ஊர்களுக்கு எல்லாம் ஒரே வாடைதான் போல, டீசலும் ஈரக் கயிறும். அதை மீறிக்கொண்டு பொரிக்கிற எண்ணெயின் மணம். ஒரு முனையில் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி முன்னால் வளைந்து நிற்கிறார்கள், ஏதோ கீழே விழுந்த பொருளைத் தேடுவதுபோல. கிட்டப் போனால் எல்லோர் கையிலும் ஒரு காகிதம், காகிதத்தில் சாப்பாடு. சட்டையில் சொட்டாமல் இருக்க அந்த வளைவு. வங்கிக்காரர்போல் ஒருவர், சீருடை போட்ட பெண், சிமெண்டு படிந்த கைகளோடு ஒருவன், எல்லோருக்கும் அதே வளைவு. சுகிர்தா சொல்லியிருந்தாள், டபுள்ஸ். இரண்டு மெல்லிய மஞ்சள் ரொட்டி, பூரியைப் பொரிப்பதுபோல் பொரித்து, பிறகு துணிபோட்டு மூடிப் புழுங்கவைத்து மெத்தென்று ஆக்கியது. அதன்மேல் குழைந்த கொண்டைக்கடலை, புளிச்சாறு, வெள்ளரித் துருவல், கொத்தமல்லியைவிட முரட்டு வாசனையுள்ள ஒரு நீள இலையின் சட்னி. பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவரின் முகம் நம் பேருந்து நிலையத்தில் எங்கும் பார்க்கக்கூடிய முகம். காரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் என்றேன், பிறகு ரோஷம் வந்து இன்னும் கொஞ்சம் என்றேன். ரொட்டியைக் கரண்டியின் முதுகால் பிரித்துப் போட்டு, கடலையை ஒரு வீச்சில் பரப்பி, நாலு சொட்டு நாலு இடத்திலிருந்து, காகிதத்தின் இரு முனையையும் பிடித்து ஒரு சுழற்று, பொட்டலம். ஒரு கை செய்வதை இன்னொரு கை பார்க்கவே இல்லை. நான் காசை நீட்டினேன். முதலில் சாப்பிடுங்கள், எத்தனை சாப்பிட்டீர்கள் என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள் என்று தள்ளிவிட்டார். இது என்ன சிக்கல். காசு கொடுப்பதற்கு முன் வாயில் போட்டால் அதுவரைக்கும் அது யாருடைய சாப்பாடு? விருந்தா, வியாபாரமா? யோசித்துக்கொண்டு நின்றேன், புளி மணிக்கட்டு வரை வந்துவிட்டது. யோசிக்க நேரம் தராத சாப்பாடு இது. நானும் வளைந்தேன். கடலை வெண்ணெயாக இருக்கிறது, வெள்ளரி குளிர்கிறது, மிளகாய் முதலில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுக் காதுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. இந்தியாவிலிருந்தா ஆன்ட்டி என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எங்க கொள்ளுத்தாத்தாவும் அங்கேருந்துதான். என்ன, உங்களவிடக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிட்டாரு.” வளைந்து நின்றவர்கள் வளைந்தபடியே சிரித்தார்கள். இன்னொன்று கேட்டேன். ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று காபி கணக்கில் வருமா வராதா என்று ஒரு விவாதம் நடந்தது. மாப்பிள்ளையின் மாமா காபியைக் குடித்துவிட்டார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் டம்ளரைத் தொடவில்லை, காபி எல்லாம் ஒரு கணக்கா, கேசரியை எடுத்தால் அல்லவா கணக்கு என்று சித்தப்பா அடுக்களைக்குள் வந்து கிசுகிசுத்தார். நானும் அக்காவும் கதவுக்குப் பின்னால். கூடத்தில் யாரும் பேசாதபோது ஒரு தட்டின் சத்தம்கூட எவ்வளவு பெரியதாகக் கேட்கும். கேட்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். அம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள், ஒரு வடையாவது என்று. வாசல்வரை போனாள். வாசலைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது, தெருவில் தட்டோடு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். அன்று சாயங்காலம் அந்த வடைகளை நாங்களே தின்றோம், அக்கா நாலு தின்றாள், நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னாள். எனக்கு அடுத்த வருஷம் இவர் வீட்டிலிருந்து வந்தார்கள். கதவுக்குப் பின்னால் நான் மட்டும். இவருடைய அம்மா பேச்சு வாக்கில் ஒரு விள்ளல் அல்வாவைக் கிள்ளி வாயில் போட்டார், அவ்வளவுதான், முப்பத்திரண்டு வருஷம். ருசிக்காகப் போட்டாரா, முடிவு செய்து போட்டாரா, நான் கடைசிவரை கேட்கவில்லை. இங்கே நடைபாதையில் ஒரு பெண் இரும்புச் சட்டியில் மாவை விரலால் தள்ளித் தள்ளிப் போடுகிறாள். அக்ரா என்று பெயர், உப்புக் கண்டம் போட்ட மீனை உதிர்த்து மாவில் பிசைந்து பொரிப்பது. உப்பு என்றால் எனக்குத் தெரியும், இவர் முப்பது வருஷம் உப்புக் கிடங்கில் மேலாளர், அவர் சட்டையைத் துவைத்த தண்ணீர்கூடக் கரிக்கும். இந்த மீனில் உப்பை ஊறவைத்து ஊறவைத்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள், ஆனாலும் அது போகிற போக்கில் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறது. ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. எப்படி இரண்டும் ஒன்றில். எனக்கு முன்னால் நின்ற கிழவர் அவளை வம்புக்கு இழுக்கிறார். “உன் அக்ரா வர வர சின்னதாப் போகுதே.” அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அக்ரா அதே அளவுதான். உன் வாய்தான் பெரிசாயிட்டே போகுது.” கிழவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாங்கின பொட்டலத்தோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், இன்னும் ஏதாவது திட்டுவாளா என்று. வாங்குகிறவனுக்கு வயிறு மட்டும் நிறைந்தால் போதாது என்று இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

வயிறு இப்போது சரியாக இருக்கிறது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சந்தைத் தெருவில் ஒரு பெண் அரைப்பழ மாங்காயைத் துண்டு போட்டு, உப்பு, பூண்டு, மிளகாய், அந்த நீள இலை எல்லாம் போட்டு ஒரு ஏனத்தில் குலுக்கிக்கொண்டிருந்தாள். மாங்காயில் பூண்டா என்று முகம் சுளித்தேன், பிறகு வாங்கினேன், பிறகு சுளித்ததற்காக வெட்கப்பட்டேன். புளிப்புக்கு அடியில் பூண்டு ஒரு தரை போட்டுக் கொடுக்கிறது, நாக்கு அதன்மேல் நின்றுகொண்டு மற்றதை வாங்கிக்கொள்கிறது. இதை நான் ஏன் ஒருநாளும் யோசிக்கவில்லை? சுகிர்தா இதைத் தின்றிருப்பாள். இந்தத் தெருவில் இதே இடத்தில் நின்று அவனோடு தின்றிருப்பாள். இரண்டு வருஷமாக அவள் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறாள், நான் தொலைபேசியில் தினமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், ஏதோ சாப்பிட்டேன் என்பாள். ஏதோ என்பதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. எனக்குப் புரியாது என்று விட்டாளா, புரிந்துவிடும் என்று பயந்தாளா. பக்கத்தில் ஒரு கடையில் மரப்பட்டையைக் காய்ச்சி ஆறவைத்த பானம், மௌபி. முதல் வாய் இனிப்பு, விழுங்கின பிறகு கசப்பு, குதிகால்வரை இறங்குகிற கசப்பு. டம்ளரைக் கீழே வைத்தேன். கடைக்காரி வைக்க விடவில்லை. மூன்றாவது வாய்க்கு முன்னால் யாரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்றாள். மூன்றாவது வாயில் கசப்பும் இனிப்பும் சண்டையை நிறுத்திவிட்டன, நிறுத்தினவா, எனக்குப் பழகிவிட்டதா. பழக்கம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. இவள் இங்கேயே பழகிவிடுவாள். இவளுடைய பிள்ளைகள் இந்தக் கசப்பைப் பால்போலக் குடிப்பார்கள். என்னை என்னவென்று கூப்பிடுவார்கள், திரையில் தெரிகிற ஒரு முகத்தை என்னவென்று கூப்பிட முடியும். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், நீதானே போய் நனைச்சிட்டு வந்த என்பார் இவர். சத்தமாகச் சொல்ல மாட்டார். செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டே சொல்வார். நனைக்காமல் போனாலும் சுகிர்தா ஒன்றும் சொல்ல மாட்டாள், அக்காவைப்போல, ஆறிப்போன வடையை நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ரகம். நாலு வடை. ஐந்தாவதை அக்கா எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள், நான் பார்த்தேன். சரி. வயிறு நிறைந்துவிட்டது. கழுத்துவரை நிறைந்துவிட்டது. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

தேவாலயத்துக்கு எதிரே மரங்களுக்கு அடியில் வரிசையாக பெஞ்சுகள். சதுரங்கம் ஆடுகிறவர்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறவர். ஒரு பெஞ்சில் நீல உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக ஓர் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இரண்டு காது வைத்த பெரிய துணிப்பை. புகைப்படத்தில் பார்த்த முகம். என்னைப் பார்த்ததும் எழுந்து, மிஸ் கனி என்று கையைப் பிடித்துக்கொண்டாள், கை சூடாக இருந்தது. உட்காரச் சொன்னாள். வீட்டுக்குப் போகவில்லையா என்று என் அலுவலக இங்கிலீஷில் கேட்டேன். அவள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். மடித்த மேசைவிரிப்பு ஒன்று, அதைப் பெஞ்சின்மேல் விரித்தாள். துவாலையில் சுற்றின எனாமல் பாத்திரம். இரண்டு தட்டு. ஒரு புட்டித் தண்ணீர். “கையால சாப்பிடுவீங்கன்னு சுகி சொன்னா. கழுவறதுக்கு.” பிறகு மடியில் கைகளை வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள்போல, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “உங்க ஊர்ப் பழக்கத்த சுகி எனக்குச் சொன்னா. முடிவாகுறவரைக்கும் அந்த வீட்ல சாப்பிட மாட்டீங்களாம். அது சரிதான், பிள்ளை விஷயம். ஆனா ஒருத்தர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வெறும் வயித்தோட உட்கார வைக்க எனக்குத் தெரியாது மிஸ் கனி, எங்கம்மா எனக்கு அதச் சொல்லித் தரல. அதான் வீட்ட அங்கேயே விட்டுட்டு சோத்த மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன். இது என் வீடு இல்ல. இது சர்க்கார் பெஞ்சு. இங்க சாப்பிட்டா நீங்க எதுக்கும் சரின்னு சொன்னதா ஆகாது. சாப்பிடுங்க. யோசிக்கிறத அப்புறம் மெதுவா யோசிங்க.” துவாலையைப் பிரித்து மூடியைத் திறந்தாள். சர்க்கரையை எண்ணெயில் கருகும் எல்லைவரை கொண்டுபோய், அந்தக் கறுப்பில் கோழியைப் புரட்டி, துவரையும் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பொங்கவிட்ட சோறு. பெலாவ் என்றாள். மண் நிறம், மண்ணில் மழை பட்ட பளபளப்பு. கருகலுக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தின இனிப்பின் மணம், எத்தனை தடவை கருக்கினால் இந்த இடம் கைக்குத் தெரியும். சோறு உதிரி உதிரியாக இருக்கிறது. விடியும்போதே எழுந்திருப்பாள். நான் தெருத்தெருவாக அவளுக்கு எதிராக வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாத்திரத்தை என் பக்கம் ஒரு தடவை திருப்பிவைத்தாள், பிறகு இன்னொரு தடவை. தன் மகனுக்காகத் திருப்புகிறாள், கதவுக்குப் பின்னால் நின்றவளுக்குத் தெரியாதா அது. அம்மா வாசல்வரை வந்தாள். இவள் வாசலைத் தாண்டிவிட்டாள். தட்டோடு தெருவில் உட்கார்ந்திருக்கிறாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

புட்டியைத் திருகித் திறந்து என் பக்கம் சாய்த்தாள். கையை நீட்டினால் போதும். காலையெல்லாம் நான் வேண்டிக்கொண்டது இதுதான், சாப்பிடவும் வேண்டும், சாப்பிட்டதாக ஆகவும் கூடாது. இதோ அதை மேசைவிரிப்பு போட்டு வைத்திருக்கிறாள். நான் கையை நீட்டவில்லை. பாத்திரத்தை மூடினேன். துவாலையை அவள் சுற்றியிருந்த மாதிரியே சுற்றப் பார்த்தேன், வரவில்லை. மார்வாவின் முகத்தில் என்னவோ இறங்கியது, மூடியைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க வேண்டாம் மார்வா,” என்றேன். “இங்க சாப்பிட்டா கணக்குல வராது. உங்க வீட்டுக்குப் போயிச் சாப்பிடுவோம்.” அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு தொப்பியைக் கழற்றினாள், எதற்கென்று தெரியவில்லை, மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினாள், பிறகு போட்டுக்கொண்டாள். நல்ல வெயில் என்றாள். ஆமாம் என்றேன். கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து இவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டியா என்று கேட்டார், இரண்டு நாளாக அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு. இன்னும் இல்லை என்றேன். பெருமூச்சு கேட்டது, நிம்மதியா என்று கண்டுபிடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. “இப்பதான் கிளம்புறோம். சம்பந்தியம்மா வீட்ல போயித்தான் சாப்பாடு.” அந்த வார்த்தையை நான் யோசித்து எடுக்கவில்லை. எதிர்முனையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது, பெரிய விசிறி, ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. நாற்காலி நகர்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நகரவில்லை. தொண்டையைச் செருமினார். “என்ன வச்சிருக்காங்களாம்?” என்றார். சொல்லத் தொடங்கினேன், சர்க்கரையைக் கருக்குவதில் ஆரம்பித்தேன், சர்க்கரையா, கோழியிலா என்றார், முழுசாக் கேளுங்க என்றேன், கேட்டார். பேசி முடித்ததும் மார்வா பையின் ஒரு காதைப் பிடித்தாள், நான் மறுகாதைப் பிடித்தேன். பாத்திரத்தின் சூடு துணி வழியாக முழங்காலில் பட்டுக்கொண்டே வந்தது. அவள் வீடு பெல்மான்ட் மேட்டில், தெரு போகப் போக ஏறுகிறது. இளநீர், இரண்டு டபுள்ஸ், அக்ரா, மாங்காய், மௌபி எல்லாம் ஒவ்வோர் அடிக்கும் தங்கள் இருப்பைச் சொல்லின. மெதுவாகப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம், வேகமாகவே நடப்போம் என்றேன். வீடு போய்ச் சேர்வதற்குள் கொஞ்சமாவது பசிக்க வேண்டும்.